பதினெட்டுத் தட்டும் வேன் வீட்டுக் கிறிஸ்மஸும்

நான் சக்கரம் வைத்த வீட்டில் குடியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மெத்தை வீட்டைக் கட்டிவிட்டு அதற்குப் பயந்து வாழ்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேன் பழசாகி அதைக் கழித்துவிட்டபோது அவரே வாங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் இளைய மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊரில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறை வீடு. ஒரு அடுப்படியில் இரண்டு பெண்கள் நின்றால் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகத்தான் சத்தம் போடும். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. வீட்டை அவனுக்கு விட்டுவிட்டு நானாகத்தான் கிளம்பினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் கட்டில் மாதிரி பலகை போட்டோம். பலகைக்கு அடியில் வெல்லப் பெட்டிகள். இன்னொரு பக்கம் அடுப்பு, பாத்திர அலமாரி, இரண்டு தண்ணீர் டிரம். ஜன்னலுக்கு என் பழைய சேலைகளைக் கிழித்துத் திரை தைத்தேன். அவ்வளவுதான், வீடு தயார்.

கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டாய்களில் வெல்லம் எடுப்போம். கம்பைநல்லூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று ஊர் ஊராகப் போய் விற்போம். ஒரு ஊரில் நான்கு நாள், இன்னொரு ஊரில் ஒரு வாரம். எங்கே நின்றாலும் முதல் வேலை, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து வண்டியைச் சமமாக நிறுத்துவது. அவர் கல்லை வைப்பார். நான் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பலகைமேல் வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் இன்னும் ஒரு கல். சமம் பார்க்காமல் படுத்தால் தலையில் ரத்தம் ஏறிவிடும்; குழம்பும் ஒரு பக்கமாகவே வேகும். குளியலுக்குத் தார்ப்பாய் மறைப்பு. மற்றதற்குப் பெட்ரோல் பங்க்கோ, தெரிந்தவர்கள் வீடோ. கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் இல்லாத வீட்டை நீங்கள் எனக்குக் காட்டுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை மழையில், வேன் படியில் கால் வைத்த அவர் வழுக்கி விழுந்துவிட்டார். முட்டி வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. செய்தி கேட்டு ஓசூரிலிருந்து பெரியவன் காரில் வந்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாரும், அண்ணனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சேர்ந்தாள். அவள் அவருக்குத் தங்கை, எனக்கு ஐந்து வயது இளையவள். கையில் பழம் இருந்தாலும் வாயில் எலுமிச்சைதான்.

பெரியவன் அப்பாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

“ம்மா, போதும்மா. ஓசூர்ல ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்குது. சுடுதண்ணி வருது, கக்கூஸு உள்ளயே இருக்குது. அப்பா முட்டியப் பாரு.”

“முட்டி உங்கப்பாவுது. வண்டி என்னா பண்ணுச்சி?”

“இந்த வண்டிய ஒருத்தரு கேக்கறாரு. காய்கறி ஏத்தறதுக்கு. நல்ல ஆளு. கொடுத்துடலாம்.”

நாத்தனார் வேனுக்குள் தலையை நீட்டி ஒரு சுற்றுப் பார்த்தாள். “ஏன் அண்ணி, நல்லது கெட்டதுக்கு நாலு பேரு வந்தா ஒக்கார வைக்க இதுல எடம் இருக்குதா? வூடுன்னா வாசல்னு ஒன்னு வேணும். போன கிறிஸ்மஸ்க்கு உங்க வூட்டத் தேடிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சன் நானு. கையில கேக்கு. வெயில்ல கேக்கு கூழாப் போச்சி.”

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு நாங்கள் சொன்ன ஊரில் நிற்கவில்லை. சந்தை இல்லை என்று அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட்டோம். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

“இந்தக் கிறிஸ்மஸ்க்கு எல்லாரும் எங்கிட்ட வாங்க” என்றேன். “பெரியவன் வூடு, சின்னவன் வூடு, எம்பொண்ணு வூடு, நீயும் உங்க வூட்டுக்காரரும். எல்லாரையும் ஒக்கார வச்சி, ஆளுக்கு ஒரு தட்டு போட்டு, வயிறார சோறு போடறன். ஒருத்தரு ஒரு கொறை சொன்னாலும் சரி, மறுநாளு வண்டி சாவி பெரியவன் கையில.”

“ஒருத்தர் சொன்னாக்கூடவா?” என்று கேட்டபடி பெரியவன் அத்தையைப் பார்த்தான். அவன் ஏன் பார்த்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தன் கல்யாணப் பந்தியிலேயே, மாலை கழுத்தில் இருக்கும்போதே, ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று சொன்னவள் அவள்.

“ஒருத்தர் சொன்னாக்கூட” என்றேன்.

“அப்ப அந்த ஆள இருவத்தாறாந் தேதி வரச் சொல்றன்” என்றான் அவன். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. ராத்திரி ஃபோன் அடித்தாலே அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்து உட்காருகிறானாம். மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர்கள் போனபிறகு என் வீட்டுக்காரர் நெடுநேரம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “அவள வச்சிக்கிட்டா இப்பிடி வாய விடுவ?” என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்ட வார்த்தை. இனி செய்து காட்ட வேண்டியதுதான்.

கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது கம்பைநல்லூருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். ஒரே தெரு, பதினெட்டு வீடு. ஊருக்கு வெளியே ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே பெரிய புளியமரம், மரத்தடியில் நல்ல அகலமான தரை. வெல்லம் விற்க இரண்டு தடவை அங்கே நின்றிருக்கிறோம். சனங்களுக்கு எங்களை முகம் தெரியும், அவ்வளவுதான். இடத்தைப் பார்த்ததும் நான் சொல்லிவிட்டேன்: “இதாங்க என் வாசல்.” மரத்தடியை விளக்குமாறு தேயக் கூட்டினேன். அவர் அன்று ஆறு கல் வைத்தார். தட்டுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

குடிலை எங்கே வைப்பது என்றுதான் முதலில் பேச்சு. வேனுக்குள் வெல்லம் இருக்கிற பக்கம் வைத்தால் எறும்பு மொய்க்கும். கடைசியில் டிரைவர் சீட்டுக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி வைத்தோம். குடிலில் வயல் காட்ட ராகி முளைப்பாரி வேண்டும் என்று பத்து நாள் முன்பே ஒரு டப்பா மூடியில் மண் போட்டு ராகியைத் தெளித்திருந்தேன். வண்டி ஓட ஓட அது முளைத்தது. கடத்தூரில் நனைத்தது, பாப்பிரெட்டிப்பட்டியில் முளை விட்டது, இங்கே வந்தபோது விரல் உயரம் பச்சை. மாடு, ஆடு, மூன்று ராஜாக்கள், ஒரு காலொடிந்த ஒட்டகம். ஒட்டகத்தை வைக்கோலில் சாய்த்துப் படுக்க வைத்தோம். தூரத்திலிருந்து வந்த களைப்பு என்று இருக்கட்டும். வேன் கூரையில் மூங்கில் கட்டி நட்சத்திரம் தொங்கவிட்டார். ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும்போது வண்டிக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“என்னாங்க ஆயா, பொம்மயெல்லாம் வச்சிருக்கீங்க” என்று ஒருத்தி கேட்டாள். தெருவின் முதல் வீட்டுக்காரி, திடமான பெண், தலையில் அவரைக்கூடை.

“ஆண்டவரு பொறந்த மாட்டுக்கொட்டாய்ம்மா.”

“மாட்டுக்கொட்டாய்லயா பொறந்தாரு? வூடு இல்லீங்களா அவங்களுக்கு?”

“வெளியூரு வந்த எடத்துல பொறந்துட்டாரு.”

அவள் வேனை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப உங்களுக்குத் தோதான சாமிதான்” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இருபத்துநான்காம் தேதி காலையிலிருந்து மரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பலகாரம் சுட்டேன். எங்கள் வெல்லத்திலேயே அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு. மதியத்துக்குள் இரண்டு பெரிய டின் நிறைந்துவிட்டது. சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொடுக்க வேண்டும். இது எங்கள் வழக்கம். நோம்பி, பண்டிகை எதுவும் நமக்கு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பு எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நம் பலகாரம் அங்கே போக வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கிருந்து வரும்.

முதலில் ஐந்து வீட்டுக்குத்தான் கொடுப்பதாக இருந்தேன். ஆனால் தெருவில் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபோதுதான் உறைத்தது. ஒரு வாசலுக்குக் கொடுத்து, அடுத்த வாசலில் நிற்கிறவளைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவது எப்படி? திரும்பி வந்தேன். அலமாரியில் என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. எல்லாம் சேர்த்து இருபது. நாங்கள் புழங்குவதற்கு இரண்டு போக, பதினெட்டுத் தட்டிலும் பலகாரம் அடுக்கி, மேலே ஒரு துண்டுக் காகிதம் மூடி, நான்கு நான்காகச் சுமந்து, பதினெட்டு வீட்டுக்கும் கொடுத்தேன். விருந்தாளிகளுக்குப் போடவும் அதே தட்டுகள்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் தட்டைக் கொடுத்தால் வாசலிலேயே பலகாரத்தை எடுத்துக்கொண்டு, வெறுந்தட்டைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டு அங்கேயே திருப்பிவிடுவார்கள். கொடுத்த கையோடு தட்டு வந்துவிடும்.

இங்கே அப்படி நடக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள், முகம் மலர்ந்தாள், உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள். “நல்லதுங்க ஆயா” என்றாள். நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தேன். பதினெட்டு வாசலிலும் இதே கதை. சரி, இருட்டுவதற்குள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துப் பக்கத்து ஊர்க் கோயிலில் பூசை பார்த்துவிட்டுத் திரும்பினோம். நான் நீலக்கரைப் புதுச்சேலை, அவர் மொடமொடப்பான வெள்ளை வேட்டி. தெருவைத் தாண்டித்தான் மரத்தடிக்கு வர வேண்டும். தெருவில் ஒரு சனம் இல்லை. பெரும்பாலும் பூட்டிய கதவுகள். எல்லோரும் ஏரிக்கு அந்தப் பக்கம் அவரைக்காய் பறிக்கப் போய்விட்டார்கள். பனிக்காலத்து அவரை, ஒரு நாள் விட்டால் முற்றிவிடும். என் பதினெட்டுத் தட்டும் அந்தப் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தன.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஓசூர்க் கார் ஒன்று, என் மருமகப்பிள்ளை எடுத்துவந்த வாடகைக் கார் ஒன்று, சின்னவனின் பைக். குஞ்சுகுளுவானோடு எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர். தார்ப்பாய் மேல் பாய் விரித்திருந்தேன். புளியமர நிழல் குளிர்ச்சியாக இருந்தது. பேரப்பிள்ளைகள் வேன் ஏணியில் ஏறிக் கூரை மேல் நட்சத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நாத்தனார் பாயில் உட்காருமுன் கையால் தடவிப் பார்த்தாள். உட்கார்ந்தபிறகு சுற்றிலும் பார்த்தாள். ஒரு எறும்பு போவதைப் பார்த்தாள்.

“எறும்பு இருக்குது” என்றாள்.

“மரத்தடின்னா எறும்பு இருக்கும் அத்தை. அது கொறையில சேராது” என்று பெரியவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தெருப் பக்கம் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குப் பிரியாணி தம் இறங்கியது. கோழிக்குழம்பு தளதளவென்று இருந்தது. மூடியைத் திறந்த வாசனைக்கே பிள்ளைகள் கூரையிலிருந்து இறங்கி வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பதிமூன்று பேர் காலை மடக்கி உட்கார்ந்து என் கையைப் பார்க்கிறார்கள். என் கையில் இரண்டு தட்டு.

சின்ன மருமகள்தான் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து மெல்லக் கேட்டாள். “தட்டெல்லாம் எங்கீங்கத்தே?”

இனி மறைக்க முடியாது. நடந்ததைச் சொன்னேன்.

“இதுக்கு என்னாம்மா, நான் போயி கேட்டு வாங்கியாறன்” என்று சின்னவன் எழுந்தான்.

“ஒக்காருடா. கொடுத்த தட்ட நோம்பி அன்னிக்குப் போயி கேப்பாங்களா?”

தட்டைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம்? நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பாத்திரத்தைக் கொடு என்று அர்த்தம். அப்படிக் கேட்டுவிட்டால் நேற்று நடந்த நடை அத்தனையும் வீண். இது சின்னவனுக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டான்.

“எலை எதாச்சும் பறிக்கலாமா?” என்று அவர் எழுந்து சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை அவரைக்கொடியும் ராகித் தாளும் புளியமரமும்தான். புளிய இலையில் யார் சாப்பிட முடியும்?

நாத்தனார் காலை நீட்டிக்கொண்டாள். “அன்னிக்கி வாசல் இல்லன்னு சொன்னன். வாசல் இருக்குது, ஒத்துக்கறன். தட்டு இல்லாத வூட்ட இன்னிக்கித்தான் பாக்கறன்.” பிறகு, ரொம்ப மரியாதையாக, “ஏன் அண்ணி, பசிக்குதுன்னு வாய் தொறந்து சொன்னா அது கொறையில சேருமா?”

பெரியவன் எழுந்து கார்ச் சாவியை எடுத்தான். “கம்பைநல்லூர் போயி பேப்பர் தட்டு வாங்கியாறன். கால் மணி நேரம்.”

அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. பாவம் பார்க்கிற குரல். பேப்பர் தட்டில் பதினைந்து பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம், யாரும் குறை சொல்லாமலே போகலாம். ஆனால் மறுநாள் நானே சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆளுக்கு ஒரு தட்டு போடுகிறேன் என்று சொன்னது நான்தானே. என் வீட்டில் என் தட்டில் சோறு போட முடியவில்லை என்றால் நாத்தனார் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன?

“நீ வண்டிய எடுக்காத. அரை மணி நேரம் இரு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏறினேன்.

ஏறும்போது எனக்கு ஒரு திட்டமும் இல்லை. மேலே போய் நின்றதும் பார்த்தேன். பறிப்பு முடிந்து, கூடைகளை வைத்துவிட்டு, பெண்கள் கும்பலாக வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். தட்டு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, என் குரல் எட்டுகிற அளவுக்குக் கத்தினேன்.

“எல்லாரும் சாப்புட வாங்கம்மா. எங்கூட்ல நோம்பி. சோறு ஆயிடுச்சி.”

கீழே புளியமரத்தடி வரை அது கேட்டிருக்கிறது. “ரெண்டு தட்ட வச்சிக்கிட்டு ஊரையே கூப்புடறாங்க பாரு” என்று நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள் என்று பிறகு என் பெண் சொன்னாள்.

முதல் வீட்டுக்காரிதான் வேகமாக வந்தாள். “ஏன் ஆயா, வந்திருக்கற உங்க ஒறம்பறைங்க ஒன்னும் நெனச்சிக்க மாட்டாங்களா?”

“என்னாத்துக்கு நெனைக்கப் போறாங்க?”

“இல்லீங்க, காருங்க வந்து நிக்குது, டவுனு சனம் வந்திருக்குது. நடுவுல நாங்க களியும் கொழம்புமாத் தூக்கிக்கிட்டுப் போனா நல்லாருக்குமான்னு தான் இங்கயே ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தம். பலகாரத் தட்ட ஒரு புடி சக்கரயப் போட்டு நேத்தே கொடுத்துருக்கலாம். ஒறவு இல்லாத ஊருல பதினெட்டு வூட்டுக்கும் நடந்து வந்து கொடுத்தீங்க. அதுக்கு சக்கரை போட்டுத் திருப்பறது எங்களுக்கு ஒப்பல. வெடியறதுக்குள்ளயே எல்லா வூட்லயும் சமைச்சி வச்சிட்டுத்தான் பறிக்க வந்தம்.”

“அப்ப எடுத்துக்கிட்டு வாங்க. சீக்கிரம் வாங்க. பசில இருக்குதுங்க எல்லாம்” என்றேன்.

நான் மெதுவாகத்தான் இறங்கினேன். அவசரப்பட்டு இறங்க வேண்டிய காரியம் இனி எனக்கு இல்லை. மரத்தடியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். “வராங்க” என்று மட்டும் சொல்லி அடுப்பருகே போய் நின்றேன்.

கால் மணிக்குள் தெருவிலிருந்து வந்தார்கள். தனித்தனியாக இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து. ஒவ்வொருத்தி கையிலும் என் தட்டு, மேலே ஈரத்துணி மூடி. துணியை எடுக்க எடுக்க வாசனை எழுந்தது. ராகிக்களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாமைச் சோறு. கொள்ளு ரசம் ஒரு சொம்பில். முட்டை அவித்து உரித்து அடுக்கிய தட்டு ஒன்று. வறுத்த நிலக்கடலை. வாழைப்பழச் சீப்பு. தெருக்கடைசியில் தனியாக இருக்கிற கிழவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், சமைக்க முடியவில்லை என்று காலைக் கட்டிய ஒரு சேவலைத் தட்டின்மேல் வைத்துத் தூக்கிவந்திருந்தாள். அந்தச் சேவல் தட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பார்த்தது. பேரப்பிள்ளைகள் அதற்குப் பிறகு பிரியாணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பதினெட்டுத் தட்டும் வந்துவிட்டன. அவர்களுக்கு என்று அவரவர் வீட்டிலிருந்தும் தட்டும் கிண்ணமும் பாயும் வந்தன. பிள்ளைகளோடு ஐம்பது பேர் இருக்கும். என் பிரியாணியை எல்லாத் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தேன். பதினைந்து பேருக்கு ஆக்கியதுதான். ஆனால் களியும் சாமையும் சேர்ந்ததில் ஒரு வயிறும் காயவில்லை. என் கோழிக்குழம்புக்கு அந்தக் களி எப்படிச் சேர்ந்தது தெரியுமா? ஓசூரில் களியைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற பேத்தி இரண்டாவது உருண்டை கேட்டாள்.

பெரியவன் சாப்பிடாமல் தட்டோடு அத்தைக்கு எதிரில் போய் நின்றான். “அத்தை, எல்லார் முன்னாலயும் கேக்கறன். கொறை எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு.”

அதற்குள் ஊர்ப் பெண்களுக்கும் பந்தயம் தெரிந்துவிட்டதால் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நான் கரண்டியோடு நின்றேன். நாத்தனார் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கேக்கறத அப்பறமா கேளுடா. சோறு ஆறுது” என்றாள். இன்னொரு வாய் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “உங்கம்மாக்கு வூடு இல்லன்னு நான்தான் சொன்னன். வூடு இல்லாதவ போட்டு பதினெட்டு வூட்டுச் சோத்த ஒரே தட்டுல தின்னுக்கிட்டு இருக்கறன். இதுல கொறை சொன்னா எனக்கு நாக்கு அழுகிடும்.”

அவர் மட்டும் சத்தம் போட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் தங்கை தோற்றுப் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

முதல் வீட்டுக்காரி பெரியவனை விடவில்லை. “நீங்கதான் ஓசூரு மவனா? ஆயாவ இட்டுக்கிட்டுப் போயிடறதா பேச்சு அடிபடுதே. பொங்கலுக்கு எங்களுக்கு வெல்லம் யாருங்க கொடுப்பாங்க?”

“அப்பாக்கு முட்டி சரியில்லீங்க. ஆத்திர அவசரத்துக்கு யாரு இருக்காங்க?”

“ஏன், நாங்கெல்லாம் மரமா?” என்றாள் அவள். “உங்க நம்பரக் கொடுங்க. இங்க நிக்கறப்ப ஒன்னுன்னா எங்க வூட்டு ஆளு முதல்ல ஆசுபத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போவாரு, அப்பறம் உங்களுக்கு ஃபோன் பண்ணுவாரு.”

அவன் நம்பரைக் கொடுத்தான். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வேன் படியருகே போய்க் குந்தி, படிக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை உயரம் என்று சாண் வைத்து அளந்தான். எழுந்து என்னிடம் வந்தான். “படி உயரம் ஜாஸ்திம்மா. இன்னொரு படியும் புடிச்சிக்க ஒரு கம்பியும் வச்சித் தரன். அது வைக்கற வரைக்கும் மழைல அப்பா எறங்கக் கூடாது.”

“சரி” என்றேன். அவன் கேட்டதில் அது நியாயம். நியாயத்துக்கு நான் கட்டுப்படுவேன். “மொதல்ல அந்த ஆளுக்கு ஃபோன் போடு.”

அங்கேயே, எல்லோரும் கேட்கவே போட்டான். “அண்ணே, அந்த வேனு கொடுக்கறதா இல்லீங்க... ஆமாங்க, நாளைக்கு வர வேணாம்... இல்லீங்க, வெலை பிரச்சன இல்ல. உள்ள குடி இருக்காங்க.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். “கேட்டுப் பாத்துட்டன்ணே. காலி பண்ண மாட்டாங்களாம்.”

அன்று சாயங்காலம் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நாத்தனார் தன் வீட்டுக்காரரை என் மருமகப்பிள்ளையின் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் நின்றாள். நாங்கள் மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டிக்குத்தான் போகிறோம் என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள். “முன் சீட்டுல எனக்கு எடம் இருக்குதுல்ல?” என்றாள். இருக்கிறது என்றேன். அன்று பலகையில் நாங்கள் இருவரும், கீழே அவருமாகப் படுத்தோம். சமமாகத்தான் இருந்தது, தலையில் ரத்தம் ஏறுகிறது என்று அவள் சொல்லவில்லை.

விடிந்ததும் கல்லை எடுத்துவிட்டுப் புறப்பட்டோம். தெருவே வந்து நின்றது. பொங்கலுக்கு இதே மரத்தடியில் நிற்பதாக வாக்குக் கொடுத்தேன். வேனை வாங்க அந்த ஆள் வருவதாயிருந்த பத்து மணிக்கு நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பின்கதவைத் தூக்கிவிட்டு வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களிடம் இந்த வெல்லத்தைவிட நல்ல வெல்லம் ஜில்லாவிலேயே கிடையாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.